இணைய வாயிலும் சிறு வணிகரும்

(சங்க மண்டபத்தில் இளைஞர்க்கும் வணிகப் பெருமக்கட்கும் நிகழ்த்திய உரை)



சிறு வணிகர் ஒருவர் தமது இணையத்தளத்தைத் தேடுவோர் கண்ணிற் படச் செய்வது எவ்வாறு, அங்கே வந்தவரை மனங்கோணாது உபசரித்து அனுப்புவது எவ்வாறு என்னும் இரு வினாக்களைப் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று பலர் எண்ணுகின்றனர். முன்னதற்கு ஏதோ இரகசிய வித்தை வேண்டுமென்றும், பின்னதற்கு அழகிய படங்கள் போதுமென்றும் அவர்கள் கருதுகின்றனர். இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதையே இன்று எடுத்துக்காட்ட விரும்புகின்றேன். வருபவருக்கு எது உதவுமோ அதுவே, பெரும்பாலும், தேடுவோர் கண்ணிற் படுவதற்கும் உதவுகின்றது.

இஃது இப்பொழுது ஏன் பேசப்பட வேண்டியதாயிற்று? 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் குண்டுவெடிப்புக்களின் பின்னர் நம் நாட்டுக்கு வருவோர் தொகை வீழ்ந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்குச் சட்டம் பிறந்து கடைகளின் கதவுகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றனர். தெருவழியே போவார் உள்ளே நுழைவார் என்னும் நம்பிக்கையை மாத்திரம் முதலாகக் கொண்டிருந்த வணிகர்கள் இம்மூன்று சோதனைகளிலும் எவ்வளவு துன்புற்றனர் என்பதை இச்சபையில் உள்ளோர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தெருவாயில் அடைபட்டாலும் திறந்திருக்கக்கூடிய மற்றொரு வாயில் வணிகனுக்கு வேண்டும். இணைய வாயில் அத்தகையது. ஆனால் அதனைத் திறந்து வைத்துவிட்டு எவரும் வரவில்லையென்று வருந்துவோரே மிகுதி. குடத்துள் இட்ட விளக்காக அவர்களுடைய தளங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன.

பேச்சு ஆகாயத்திற் பறவாதிருக்க, ஒரு கடையை மனத்திற் கொள்வோம். யாழ்ப்பாணத்திலே பனம்பொருள் விற்கும் சிறு கடை அது. பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனையோலைப் பெட்டி, சுளகு என்பன அங்கே கிடைக்கும். உள்ளூரார் வாங்குவர், கொழும்பிலிருந்து கேட்பர், கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம்மவரும் விரும்புவர். கடைக்காரர் பணஞ் செலவிட்டு ஓர் இணையத்தளம் அமைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழிந்தது. ஒருவரும் அத்தளத்தின் வழியாக வந்தாரில்லை. காரணம் யாது?

முதலில் தேடுபொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். ‘சிலந்தி’ எனப் பெயர்பெற்ற ஒரு நிரல், ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புக்களைப் பற்றிக்கொண்டே சென்று, கண்டவற்றையெல்லாம் வாசிக்கின்றது. வாசித்தவை ஒரு பெரும் அட்டவணையிற் பதியப்படுகின்றன. ஒருவர் சொல்லைத் தட்டித் தேடும்போது, அவ்வட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்கள் வரிசைப்படுத்தித் தரப்படுகின்றன. வாசித்தல், பதிதல், வரிசைப்படுத்தல் ஆகிய இம்மூன்றே அதன் தொழில்கள். 1998 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர், ஒரு பக்கத்தை வேறு எத்தனை நல்ல பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். கூகிள் நிறுவனம் அவ்வாண்டிலேயே தோன்றியது. ஊரிலே நாலுபேர் நல்லவரென்று சொல்லும் ஒருவரை நாமும் நம்புவதுபோன்றதே அம்முறை. இன்று அதனோடு வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன.

இனி நம் கடைக்காரரின் தளத்துக்கு வருவோம். அதன் முதற்பக்கத்தின் தலைப்பு என்ன? ‘முகப்பு’ என்று எழுதப்பட்டுள்ளது. அதன் கீழே ‘உங்களை அன்புடன் வரவேற்கின்றோம்’ என்னும் வாசகம். ‘முகப்பு’ என்று எவராவது தேடுவாரா? ‘யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, ஒடியல் விற்பனை’ என்று தலைப்பிட்டிருந்தால், அது சிலந்திக்கும் விளங்கும். வருபவருக்கும் தாம் வந்த இடம் சரிதான் என்பது கண்டவுடனே தெரியும். ஒவ்வொரு பக்கத்திற்கும் அதனதன் பொருளைச் சொல்லும் தனித்தலைப்பு வேண்டும். பனாட்டுக்கு ஒரு பக்கம், ஓலைப் பெட்டிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அது யாது, எவ்வாறு செய்யப்படுகின்றது, எத்தனை நாள் கெடாதிருக்கும், என்ன விலை, எவ்வாறு அனுப்பப்படும் என்பவற்றைத் தெளிவாக எழுதவேண்டும். கடையிலே நின்று வாடிக்கைக்காரர் அன்றாடம் கேட்கும் கேள்விகளைப் பத்து நாள் ஒரு கொப்பியிலே குறித்து வைப்பாராயின், அவர் எழுதவேண்டிய பக்கங்கள் யாவை என்பது தானே தெரிந்துவிடும்.

சொற்களைப் பற்றியும் சிறிது சிந்திக்க வேண்டும். ஊரிலே ‘பனங்கட்டி’ என்போம். தமிழ்நாட்டார் ‘கருப்பட்டி’ என்பர். புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்த பிள்ளைகளோ ஆங்கிலத்திலே தேடுவர். ஆதலின் விற்பவர் வழங்கும் பெயரோடு, வாங்குபவர் வழங்கும் பெயர்களும் பக்கத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும், இயன்றாற் சிங்களத்திலும், தனித்தனிப் பக்கங்கள் வைப்பது நன்று. மூன்றையும் ஒரே பக்கத்திற் குழைத்து வைத்தால் எம்மொழியாருக்கும் அது வாசிக்கத்தக்கதாக இராது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிடாமல், மொழி தெரிந்த ஒருவர் வாசித்துத் திருத்திய பின்னரே வெளியிட வேண்டும்.

நம் மொழிக்கே உரிய ஒரு தடையை இங்கே குறிப்பிடுதல் அவசியம். ஒருங்குறி முறையில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் நம் நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் கையாளப்படுகின்றன. பாமினியிலே தட்டப்பட்ட வாசகம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துக்களாலும் குறிகளாலும் ஆன பொருளற்ற குவியலேயாகும். அச்சகத்திலிருந்து பெற்ற துண்டுப்பிரசுரத்தை அப்படியே தளத்தில் ஒட்டினால், சிலந்தி அங்கே ஒரு தமிழ்ச் சொல்லையும் காணாது. அவ்வெழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் வாசிப்பவரும் காணமாட்டார். இதனை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலைப்பட்டியலைப் படமாகப் பிடித்துப் போடுவதும் இத்தகைய குறையே. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி சரிவரப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது. பார்வை குறைந்தோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவியும் அதிலே இடர்ப்படும். எழுத்தாக எழுத வேண்டியதை எழுத்தாகவே எழுதி, படத்திற்கு அதனைச் சொல்லால் விளக்கும் ஒரு குறிப்பைச் சேர்த்தல் வேண்டும்.

இனி, குறுக்கு வழிகளைப் பற்றி. ஒரே சொல்லை நூறுமுறை அடுக்கி எழுதுவது, பின்னணியின் நிறத்திலேயே எழுத்தை மறைத்து வைப்பது, பணங்கொடுத்து இணைப்புக்களை வாங்குவது என்பன ஒரு காலத்தில் ஓரளவு பலித்தன. அக்காலம் மலையேறிவிட்டது. பெரிய தாபனங்களே இவற்றால் தலைகுனிந்தன. ஜெர்மனியிலுள்ள பி.எம்.டபிள்யூ. மோட்டார் நிறுவனத்தின் தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டிய காரணத்தால், 2006 ஆம் ஆண்டிலே கூகிள் அட்டவணையிலிருந்து சில காலம் நீக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்னும் பெருங்கடைக்கு, சம்பந்தமேயில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புக்கள் இடப்பட்டிருந்தமை நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையால் வெளிப்பட, அக்கடை முன்வரிசையிலிருந்து வெகுதூரம் தள்ளப்பட்டது. அவ்வாண்டிலே ‘பாண்டா’ என்னும் திருத்தம் சாரமற்ற பக்கங்களையும், 2012 இல் ‘பெங்குவின்’ என்னும் திருத்தம் செயற்கை இணைப்புக்களையும் கீழிறக்கின. கோடிக்கணக்கில் முதலுள்ளோர் விழுந்தெழும்பலாம். நம் சிறு கடை விழுந்தால் எழுப்பிவிட யார் இருக்கின்றார்?

இவ்விடத்தில் வணிகப் பெருமக்கள் செவிசாய்க்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ‘மாதம் இவ்வளவு தாருங்கள், உங்களைத் தேடுபொறியின் முதலிடத்தில் ஏற்றிவிடுகின்றோம்’ என்று தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அழைப்போர் பலர். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதமளிக்க முடியாதென்று கூகிள் நிறுவனமே தன் அறிவுரையிற் கூறியுள்ளது. விளம்பரத்துக்குப் பணம் செலுத்தலாம். அது விளம்பரமென்றே குறிக்கப்பட்டு வெளிவரும். இயல்பான வரிசையில் இடத்தை விலைக்கு வாங்க வழியில்லை. பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதப்படும் ‘திறவுச்சொற்’ பட்டியலைத் தாம் வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லையென்று 2009 ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. இன்றும் அதனை ஒரு பெருஞ்சேவையாக விற்போர் உளர். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. தளத்தின் பெயரைத் தளம் அமைத்துக்கொடுப்பவர் தமது பெயரிலேயே பதிவுசெய்துகொள்வார். பின்னர் மனஸ்தாபம் நேர்ந்தால், பல ஆண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயர் அவர் கையில் அகப்பட்டுவிடும். கடையின் உறுதியை அயலவர் பெயரில் எழுதுவோமா? தளப்பெயரும், அதன் கடவுச்சொற்களும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பும் கடைக்காரர் கையிலேயே இருக்கவேண்டும்.

அடுத்தது, வந்தவரை உபசரித்தல். வீட்டு வாயிலில் வந்து நிற்பவரை நெடுநேரம் வெயிலிற் காக்க வைப்பது நம் மரபன்று. இணைய வாயிலில் அதனையே நாடோறும் செய்கின்றோம். நம் கடைக்காரர் கைத்தொலைபேசியாற் பிடித்த பத்துப் படங்களை அப்படியே முதற்பக்கத்தில் ஏற்றியுள்ளார். ஒவ்வொன்றும் 4 மெகாபைட். மொத்தம் 40 மெகாபைட். செக்கனுக்கு 1 மெகாபைட் வருகின்ற இணைப்பில் அப்பக்கம் முழுவதும் வந்துசேர 40 செக்கன் ஆகும். அப்படங்களைத் திரைக்கு வேண்டிய அளவாகச் சுருக்கி ஒவ்வொன்றையும் 150 கிலோபைட் ஆக்கினால், மொத்தம் ஒன்றரை மெகாபைட்; ஒன்றரைச் செக்கனில் வந்துவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். பக்கத்தின் முக்கிய பகுதி இரண்டரைச் செக்கனுக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகிள் வகுத்துள்ள அளவை. தொட்டதற்குத் திரை 200 மில்லிசெக்கனுக்குள் பதிலளிக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாசிக்கும்போது எழுத்துக்கள் துள்ளிக் குதித்து இடம் மாறலாகாது என்பது மூன்றாவது. ஒரு பொத்தானை அழுத்த விரலைக் கொண்டுபோகும் சமயத்தில், பிந்திவந்த படமொன்று அதனைக் கீழே தள்ள, வேறொன்று அழுத்தப்பட்டுவிடும் எரிச்சலை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். படத்தின் நீள அகலங்களை முன்னரே குறித்து வைத்தால் அது நேராது. ஆயினும் வேகம் மாத்திரம் ஒரு பக்கத்தை மேலே ஏற்றிவிடாது. சாரமுள்ள பக்கமே முதன்மையானது. வேகம் அதற்குத் துணை.

இன்று பெரும்பாலோர் தேடுவது கைத்தொலைபேசியிலேயாம். தேடுபொறியும் கைத்தொலைபேசிக்குரிய பக்கத்தையே முதன்மையாக வாசிக்கும் முறைக்கு 2016 இல் அடியெடுத்து வைத்து, 2023 இல் அம்மாற்றத்தை நிறைவுசெய்தது. ஆதலால் கடைக்காரர் தம் தளத்தைக் கணினியின் பெரிய திரையிற் பார்த்து மகிழ்ந்தாற் போதாது. எழுத்துப் பெரிதாயும், பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்தும் இருக்கின்றதா? பொத்தான்கள் பெருவிரலுக்கு அடங்குகின்றனவா? தொலைபேசி இலக்கத்தைத் தொட்டவுடன் அழைப்புப் போகின்றதா? வந்தவர் ஒரு வரி வாசிக்கு முன்னரே அறிவித்தற் பலகையொன்று திரையை மூடிக்கொள்கின்றதா? இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். விலையை மறைத்து, ‘விபரங்களுக்கு அழையுங்கள்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. இங்கே நள்ளிரவாயிருக்கையில் தொரொன்ரோவிலிருந்து தேடுகின்ற ஒருவர் எவ்வாறு அழைப்பார்? விலை, அனுப்பும் கூலி, சேரும் நாட்கள், பழுதானால் என்ன செய்வது என்பவற்றை வெளிப்படையாக எழுதிவிட்டால், நம்பிக்கை அவ்விடத்திலேயே பிறந்துவிடும். விலாசப் பட்டையிற் பூட்டுக் காப்பில்லாத தளத்தைப் ‘பாதுகாப்பற்றது’ என்று உலாவிகள் எச்சரிக்கின்றன. அக்காப்புக்குரிய சான்றிதழும் இலவசமாகப் பெறத்தக்கது.

உள்ளூர் வாடிக்கையை நாடுவோர், இணையத்தளத்தோடு கூகிள் வரைபடத்திலும் தம் கடையைப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். அதற்குக் கட்டணமில்லை. அங்கே கடைகள் வரிசைப்படுவது, தேடலோடு பொருந்துதல், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், கடையின் பிரசித்தம் ஆகிய மூன்றைக் கொண்டேயாம். பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் ஆகியவை எல்லா இடத்திலும் ஒரே வகையாக எழுதப்பட வேண்டும். கடை திறக்கும் நேரம் உண்மையாக இருக்கவேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பூட்டியிருப்பின் அதனை முன்னரே குறித்து வைக்கவேண்டும். வெகுதூரத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து பூட்டிய கதவைக் கண்டவர் மறுமுறை வருவாரா? வாடிக்கைக்காரர் எழுதும் அபிப்பிராயங்களுக்குப் பணிவாகப் பதில் எழுதுங்கள். குறைகூறியவருக்கு முதலிற் பதில் எழுதுங்கள். அப்பதிலை அவர் ஒருவர் மாத்திரம் வாசிப்பதில்லை, கடைக்கு வரலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் மற்றையோரும் வாசிக்கின்றனர். உறவினரைக் கொண்டு பொய்ப் புகழ்ச்சி எழுதுவிப்பதை மாத்திரம் செய்யாதீர்கள். அது விதிக்கும் புறம்பு. வணிக அறத்துக்கும் புறம்பு.

‘இப்பொழுது இயந்திரமே விடையைச் சுருக்கிச் சொல்லிவிடுகின்றதே, இனித் தளம் எதற்கு?’ என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே கூகிள் தேடலில் அவ்வாறான சுருக்க விடைகள் பரவலாக வரத்தொடங்கியது உண்மையே. பொது அறிவு வினாவுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுவதால், சில தளங்களுக்கு வருவோர் குறையலாம். ஆயினும் அவ்விடைகள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன? மனிதர் எழுதிய பக்கங்களிலிருந்தன்றோ? பனாட்டு என்றால் என்ன என்பதை இயந்திரம் எங்கிருந்தும் சொல்லும். நம் கடையில் இந்த மாதம் பனாட்டு இருக்கின்றதா, என்ன விலை, யாருடைய கை செய்தது என்பதை நம் கடையே சொல்லவேண்டும். தம் கைப்பட அறிந்ததை எழுதுகின்றவனுக்கு என்றும் இடமுண்டு.

செய்தவற்றின் பயனை அளந்தறியவும் வழியுண்டு. ‘சேர்ச் கொன்சோல்’ என்னும் இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்தால், எந்தச் சொற்களைத் தேடியவர்க்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தனர், எந்தப் பக்கங்கள் அட்டவணையிற் சேரவில்லை என்பன தெரியவரும். மாதம் ஒருமுறை பார்த்தாற் போதும். இன்று விதைத்து நாளை அறுக்க முயலலாகாது. மாற்றங்களின் பயன் தெரியச் சில மாதங்கள் செல்லும். அளவுகோல்களிற் சிறந்தது வேறொன்றும் உண்டு. கணினியிற் பழக்கமில்லாத ஓர் அம்மாவின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, ‘இக்கடையிலிருந்து ஒரு கிலோ ஒடியல் வாங்குங்கள், அம்மா’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் அருகிலிருந்து பாருங்கள். அவர் தயங்கும் இடமெல்லாம் நாம் திருத்தவேண்டிய இடமாகும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையாரோ மாமனாரோ அயலவரோ நடத்தும் கடைகள் பல உண்டு. அவர்களுக்கு வணிகம் தெரியும். உங்களுக்குக் கணினி தெரியும். இரண்டு அறிவுகளும் ஒரே மேசையில் ஒரு நாள் அமருமாயின் எத்தனை காரியம் ஆகும்! நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒரு கடையைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். முதல் நாள் தலைப்புக்களைத் திருத்துங்கள். இரண்டாம் நாள் படங்களைச் சுருக்குங்கள். மூன்றாம் நாள் விலையையும் விலாசத்தையும் நேரத்தையும் சரிபாருங்கள். நான்காம் நாள் பாமினியை ஒருங்குறியாக்குங்கள். ஐந்தாம் நாள் தளப்பெயர் யார் பெயரில் உள்ளதென்று கேட்டறியுங்கள். செய்து முடித்ததும் திறவுகோலை உரியவர் கையிற் கொடுத்து, அதனை உபயோகிக்கும் வகையையும் பொறுமையோடு சொல்லிக்கொடுங்கள்.

வணிகப் பெருமக்களே, தேடுபொறி உங்கள் வாயில் வரைக்கும் ஒருவரைக் கொண்டுவந்து விடும். அதற்கப்பால் அது வராது. பனங்கட்டியிற் கலப்படமிருந்தால் எந்தத் தளமும் அதனை மறைத்துத் தராது. சரக்கு நல்லதாயின், அதனை உள்ளவாறு, தெளிவாக, விரைவாகத் தெரிவியுங்கள். கடையிலே நாணயத்தைக் காத்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. பழைய பாடத்தைப் புதிய வாயிலிலும் கடைப்பிடிக்குமாறே வேண்டுகின்றேன்.